மூன்றாவது வரி மட்டும்

1.
இந்தக் கதை என் கற்பனையல்ல; அக்காவின் புலம்பலிலிருந்து சுட்டது. அவள் கணக்கு டீச்சர். வகுப்பில் நன்றாகத் தலையாட்டும் பிள்ளைகள் பரீட்சையில் கோட்டை விடுகிறார்களே என்று சாப்பிட உட்கார்ந்தாலே பொருமுவாள்.

2.
கரும்பலகையில் வெயில் சாய்ந்து கிடந்த அந்த...

(வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.)

ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் அக்கா "புரிஞ்சுதா?" என்பாள். "புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே கோரஸ் பாடும். அவளும் சந்தோஷமாகப் பலகையை அழித்துவிடுவாள்.

(இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

3.
கடைசி பெஞ்சில் ஒரு பெண். பட்டப்பெயர் அமுக்குணி. பாலம் கட்டும் இன்ஜினியராக வேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அடுத்த பரீட்சையிலும் தோற்றால் கணக்குப் பிரிவிலிருந்தே மாற்றிவிடுவார்கள்.

முதலில் அவளைச் சோம்பேறியாக எழுதினேன். அக்கா அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஆனால் எனக்கு உறுத்தியது. புரியாதவள் ஏன் கோரஸில் சேர்ந்துகொள்கிறாள்?

4.
பதில் போன வாரம் வந்தது. கோரஸ் அடங்கியதும் அமுக்குணி எழுந்தாள்.

"எனக்குப் புரியல டீச்சர்."

வகுப்பே அவளை முறைத்தது. அக்கா சாக்பீஸை எடுத்தாள். "அதுக்கென்னம்மா, முதல்லருந்து சொல்றேன்."

"ஐயோ, முதல்லருந்து வேண்டாம் டீச்சர்! மூணாவது வரி மட்டும்தான். நீங்க எப்பவும் முதல்லருந்து ஆரம்பிப்பீங்க, இன்டர்வெல் போயிடும், எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. அதுக்குப் புரிஞ்சுதுன்னே சொல்லிட்டுப் போயிடலாம்."

"எல்லாருமே இப்படித்தானா?"

வகுப்பே தலையாட்டியது. அக்கா அக்கறையாகச் செய்ததை அவர்கள் இத்தனை நாளும் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

(இங்கே அக்கா கண்கலங்கியதாக எழுதியிருந்தேன். "நான் எங்கடா அழுதேன்? சிரிப்புதான் வந்துச்சு" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள். இரண்டும் நடந்திருக்கும் என்பது என் கட்சி.)

அக்கா மூன்றாவது வரியை மட்டும் சொன்னாள். அமுக்குணி "ஓ, இவ்ளோதானா!" என்றாள். உடனே முன் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், எனக்கு அஞ்சாவது வரி."

5.
இனி முடிவு.

அ) அமுக்குணி தேறுகிறாள். ("சினிமா மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா. ஆனாலும் இரண்டு தடவை படித்தாள்.)

ஆ) மயிரிழையில் தோற்று, வேறு பிரிவில் போய்...

(இதை அக்கா முடிக்கவே விடவில்லை.)

உண்மையில் பரீட்சை அடுத்த வாரம்தான். அதற்குள் நான் முந்திக்கொள்வது நியாயமில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் தோற்கடிப்பதாக இருந்தால் மட்டும், முதலில் என் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.