அடுத்த வாரம் வரும் கம்பி

வாக்குக் கொடுப்பதில் என்னைப் போலத் தாராளமானவன் கிடையாது. பியானோ சுருதி கூட்டப் போகும் வீட்டிலெல்லாம் "அடுத்த வாரம் வர்றேன்" என்பது என் வாயில் தானாக வரும். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பாள் என் மனைவி.

அன்று என்னை அழைத்தவர் தனியாக வாழும் ஒரு வயதான அம்மாளின் தம்பி மகன். "அத்தை எங்க வீட்டுக்கு வந்துடுறாங்க. அங்க பியானோவுக்கு இடமில்ல, வித்துட்டோம். நாலு மணிக்கு வாங்கினவங்க எடுக்க வர்றாங்க, அதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

ஒரு காலத்தில் அரங்கு நிறைய ஆட்கள் அந்த அம்மாளின் வாசிப்பைக் கேட்டார்கள். அவர் இயற்றிய மூன்று உருப்படிகள் அச்சில் வந்தன. இப்போது கீழ்வீட்டுக்காரர், "சத்தம் போடுற அம்மாவா? மூணாவது மாடி" என்று கை காட்டினார்.

அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் இருந்தார், மற்றதில் பதினான்கு நோட்டுப் புத்தகங்கள். யாரும் வந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பியானோவில் இடது கோடியிலிருந்து பதினோராவது கட்டை ஊமை. செம்பு சுற்றிய கம்பி அறுந்து போயிருந்தது. அந்தச் சுரத்துக்கு இருப்பதே ஒரு கம்பிதான். என் பெட்டியில் அந்த அளவில் ஒன்று கிடந்தது, மாட்டி, மற்றவற்றுக்கும் சுருதி கூட்டினேன்.

"வாசிச்சுப் பாருங்கம்மா."

வாசித்தார். அவருடைய சொந்த உருப்படி. அழகாக இருந்தது, ஆனால் இடது கை அந்தக் கட்டை வரும்போதெல்லாம் தாண்டிப் போனது.

"அத மட்டும் ஏம்மா தொட மாட்டேங்கிறீங்க?"

"நீங்கதானே தொடாதீங்கன்னு சொன்னீங்க."

"நானா?"

"கம்பி சொல்லித்தான் செய்யணும், அடுத்த வாரம் வர்றேன், அதுவரைக்கும் தட்டினா உள்ள இருக்கிற சுத்தியல் உடைஞ்சிடும்னு சொன்னீங்க. பத்தொம்போது வருஷம் ஆச்சு."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேற ஆளக் கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"நீங்க வர்றேன்னு சொல்லியிருந்தீங்களே. அப்படி வேற யாரும் சொல்லல."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஒரு நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அவர் எழுதிய சுரங்களுக்கு நடுவே பென்சிலால் சின்னச் சின்ன வெற்று வட்டங்கள்.

"அங்கெல்லாம் அந்தக் கட்டை வரலாம்" என்றார். "காதால கேக்காம எழுதக் கூடாது. மனசு பொய் சொல்லும்."

பிறகு விரலை அந்தக் கட்டையில் வைத்து மெல்ல அழுத்தினார். ஒலி தரை வரை இறங்கியது. அது அடங்கும்வரை தலை குனிந்து கேட்டிருந்துவிட்டு, முதல் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தார். முதல் வட்டத்தை நிரப்பினார். இரண்டாவதற்கு வாசித்துப் பார்த்து, வேண்டாமென்று தலையாட்டி, அந்த வட்டத்தை அடித்துவிட்டார்.

மணி இரண்டரை. இன்னும் பதினான்கு நோட்டுகள்.

படிக்கட்டுக்கு வந்து தம்பி மகனுக்குப் போன் செய்தேன். "ஒரு கம்பி அறுந்திருக்கு சார். சொல்லித்தான் செய்யணும். இன்னைக்கு எடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. அடுத்த வாரம்தான் கம்பி வரும்."

"அடுத்த வாரம் நிச்சயமா வந்துடுமா?"

உள்ளே அந்தக் கட்டை மறுபடி ஒலித்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"வந்துடும் சார்" என்றேன், வழக்கம்போல.