காற்றுக்குப் பேரம்

காற்றின் விலை பதினெட்டாயிரம் என்றார் உதிரிபாகக் கடைக்காரர். நாற்காலிக்காரர் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை மொத்த விலைக்கு விற்றே தலை நரைத்தவர் அவர். விலை கேட்டுச் சிரித்தால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி என்று அவருக்குத் தெரியும்.

"சும்மா கெடைக்கிற சாமானுக்கு இவ்வளவா தம்பி?"

"காத்து சும்மாதாண்ணே. அது வண்டிக்குள்ள போற வழிக்குத்தான் காசு."

மேஜைமேல் இரண்டு ‘கோல்டு ஏர் இன்டேக்’ இருந்தன. பிக்கப் வண்டியின் இன்ஜினுக்குக் காற்றைக் குளிர்ச்சியாக இழுத்துக் கொடுக்கும் குழாயும் ஃபில்டரும். ஒன்று திறந்த கூம்பு, பன்னிரண்டாயிரம். அது நன்றாக உறுமும். ஆனால் பானெட்டுக்குள் கிடக்கும் சூட்டையே திரும்ப உறிஞ்சும். மற்றது பெட்டிக்குள் அடைத்தது. சூட்டை ஒதுக்கிவிட்டு, சக்கரத்துக்கு மேலிருக்கும் சந்து வழியாக வெளிக்காற்றை இழுக்கும். அதுதான் பதினெட்டு.

இரண்டு வருஷமாக நாற்காலிக்காரர் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனில் இந்தக் குழாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பார்ப்பதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவர் எதையும் வாங்கியதாக அவர் மனைவிக்கு நினைவில்லை. காலில் கிடக்கும் செருப்புகூட அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

இன்று அவரைக் கடைக்கு விரட்டியதும் அவள்தான். அவளுக்கு இதயம் வீங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம்தான் மருத்துவமனையில் கைவிரித்திருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி சொன்னாள்: "உங்களுக்குன்னு ஒரு சாமான் நீங்க வாங்கி நான் கண்ணால பாக்கணும். இன்னிக்கே மாட்டிட்டு வாங்க. சாயங்காலம் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. அப்படி என்னதான் உறுமுதுன்னு நானும் கேக்கறேன்."

கடையிலிருந்து அவளுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணு சத்தம், ஒண்ணு நல்லது. எத எடுக்க?"

"நல்லதையே எடுங்க. சத்தம் போடத்தான் நீங்க இருக்கீங்களே."

போனை வைத்துவிட்டு, "பதிமூணு" என்றார் கடைக்காரரிடம்.

"வாங்கின விலையே பதினாலுண்ணே."

"உன் கடைக்கு நாற்காலி அடக்க விலைக்குப் போட்டேனே, மறந்துட்டியா?"

"அதுல ஒண்ணு கால் உடைஞ்சு என் மாமனார் விழுந்தாருண்ணே."

"அந்தச் சந்தோஷத்துக்குத் தனியா காசு கேட்டேனா?"

கடைக்காரர் சிரித்துவிட்டுப் பதினாறுக்கு இறங்கி, அங்கேயே நின்றார். நாற்காலிக்காரர் எழுந்து படியிறங்கினார். பேரத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவன் இறங்கிப் போக வேண்டும், விற்கிறவன் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். நடுவில் திரும்பிப் பார்த்தவன் தோற்றான். அவர் பார்க்கவில்லை. கடைக்காரரும் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். எப்படியும் நாளைக்கு வருவார் என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

பையில் முழுப் பணமும் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் மெக்கானிக் ஸ்பேனரோடு காத்திருந்தார். ஒரு மணி நேர வேலை. திரும்பிப் போனால் விலை இறங்காது என்பதற்காகவே நாற்காலிக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"எங்கங்க?" என்றாள் மனைவி.

"நாளைக்கு. அவனே கூப்பிடுவான் பாரு. பதினஞ்சுல முடிஞ்சிடும்."

அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்தான். "பதினாலுக்குக் கேளுங்க" என்று சிரிக்கப் போனாள்; மூச்சு இரைத்தது. அவர் தலையணையைச் சரிசெய்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் போயிடலாம்."

"ம்."

காலையில் டம்ளரோடு போனபோது அவள் தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அந்த வீட்டில் நாற்காலிப் பஞ்சமில்லை. ஜனங்களுக்கு நடுவே போன் அடித்தது.

"அண்ணே, உங்களுக்காகப் பதினஞ்சு. வந்து எடுத்துக்கங்க."

"சரி தம்பி," என்றார். "அப்புறம் வரேன்."

எல்லாம் முடிந்து ஒருநாள் கடைக்குப் போனார். பதினெட்டாயிரத்தையும் பேசாமல் எண்ணி வைத்துவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினார். கடைக்காரருக்குச் செய்தி தெரிந்திருந்தது. அவரே எழுந்து வந்து பெட்டியை எடுத்து வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணே. வாங்கின விலை, பதினாலு குடுங்க."

"பதிமூணு" என்றது நாற்காலிக்காரரின் வாய்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் பில் புத்தகத்தைத் திறந்தார்.

"சரிண்ணே."

மெக்கானிக் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஆழமாக, இரைப்பே இல்லாமல் மூச்சை இழுத்தது. மெக்கானிக் கட்டைவிரலை உயர்த்தினார். நாற்காலிக்காரர் கியரைப் போடாமல், பக்கத்து இருக்கையில் கையை வைத்தபடி, அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்ட விலை பதினெட்டு. கொடுத்தது பதிமூன்று. மிச்சம் ஐயாயிரம். பாக்கி, ஒரு சாயங்காலம்.