பத்துப் புட்டி தங்கத் தண்ணீர்

“இதுவும் நீலமா?”

“நீலந்தான்.”

“அப்போ பத்துக்குப் பத்து. நம்ம கடல்ல ஒரு நல்ல மீன்கூடக் கிடையாதுன்னு சொல்லுது உன் தங்கம்.”

அண்ணன் நூரோவா சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தங்கை தெபாயெருவுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சமையலறை மேசையில் சுண்டுவிரல் அளவுப் புட்டிகள் பத்து வரிசையாக நின்றன. காலையில் செம்பருத்தியைக் கரைத்த மாதிரி சிவந்திருந்த தண்ணீர், மீன் சாறு இரண்டு சொட்டு விழுந்ததும் ஒவ்வொன்றாக இருட்டப்போகும் வானத்தின் நீலத்துக்கு மாறிப்போனது.

சிவப்பு என்றால் சாப்பிடலாம். நீலம் என்றால் விஷம். அவ்வளவுதான் கணக்கு.

அண்ணி அகாயிட்டி புட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “தங்கம்னு சொன்னே. இதுக்குப் பதிலா எனக்கு ஒரு பல்லு கட்டி விட்டிருக்கலாம்.”

“பல்லுக்கெல்லாம் பத்தாது அண்ணி. ஒரு தலைமுடியோட அகலத்துல ஐயாயிரம் துகள நிக்க வைக்கலாம். அவ்வளவு பொடிசு.”

“அப்போ உங்க அண்ணன் மூளைக்குச் சரியா இருக்கும்” என்று அகாயிட்டி புட்டியைத் திரும்ப வைத்தாள்.

அந்தப் பொடித் தங்கம் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும்வரை சிவப்பாகத் தெரியும். பவளப்பாறை மீனில் சேரும் விஷம் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிக்கொண்டால் நீலம். ஆக்லாந்து ஆய்வகத்தில் ஐந்து பேராகச் சேர்ந்து மூன்று வருடம் செய்த வேலை இது. மற்ற நாலு பேருக்கும் அது ஆராய்ச்சி. தெபாயெருவுக்கு மட்டும் அது அண்ணன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், தானே பிடித்த ஒரு கலவா மீனைத் தின்றுவிட்டு நூரோவா மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான். பச்சைத் தண்ணீர் நாக்கில் நெருப்பாகச் சுட்டது. கதவின் பித்தளைக் குமிழைத் தொட்டால் அலறினான். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு மீனைத் தொடவில்லை. பாறைப் பக்கமும் போகவில்லை. படகு ஈரப்பலா மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது, கோழிகள் அதன் மேல் ஏறி நின்று கூவின. கடலைப் பார்த்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு டின் மாட்டிறைச்சி தின்றான். கேட்டால், டின் கடிக்காது என்பான்.

தெபாயெரு வந்திறங்கிய அன்று அவனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். புட்டி உண்மை சொன்னால் அவன் ஒரு துண்டு மீன் தின்ன வேண்டும். புட்டி பொய் சொன்னால் அவள் இனி இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

பத்து மீனிலும் ஒவ்வொரு துண்டை உறையவைத்து, செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஆக்லாந்துக்கு அனுப்பினாள். அங்கே பெரிய இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை போன் செய்தார்கள். ஆறாம் எண் மட்டும்தான் விஷமாம். பாக்கி ஒன்பதும் சுத்தமாம். போனில் பேசிய பெண் தயங்கித் தயங்கி, வெயிலில் புட்டிகள் கெட்டிருக்குமோ என்று கேட்டாள். கெடவில்லை, பெட்டி முழுக்க ஐஸ்கட்டிக்குள்தான் இருந்தது.

ஒன்பது பொய். சொன்ன வாக்குப்படி பேச்சு முடிந்தது. நாளை மாலை விமானம்.

மதியம் அவள் கரையில் போய் உட்கார்ந்தாள். காயல் கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் பாறை விளிம்பில் அலை உடையும் ஓசை மட்டும், யாரோ பக்கத்து அறையில் மூச்சு விடுவதுபோல வந்துகொண்டிருந்தது. அகாயிட்டி பக்கத்து வீட்டுப் படகில் வாங்கிய கிளிமீன்களோடு வந்து, முழங்கால் ஆழத்தில் இறங்கி, பாறைக்கல்லில் வைத்துக் கீறத் தொடங்கினாள். குடலை எடுத்து எறிந்தாள். சதையைக் காயல் நீரில் முக்கி அலசினாள். இன்னொரு தடவை முக்கினாள். அண்ணி அப்படிக் கழுவுவதை ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது. தானும் அப்படித்தான் கழுவி வளர்ந்தவள். இந்தத் தீவில் யாரும் வேறு மாதிரி மீன் கழுவிப் பார்த்ததில்லை.

அகாயிட்டி கையை உதறினாள். ஒரு துளி தெபாயெருவின் உதட்டில் தெறித்தது. அவள் அதை நக்கினாள்.

உப்பு.

எழுந்து ஓடினாள். புதிய புட்டி ஒன்றை எடுத்து வந்து, காயல் தண்ணீரைத் தொட்டு ஒரே சொட்டு விட்டாள். மீனே இல்லாமல் புட்டி நீலமானது. விஷம் செய்கிற வேலையை உப்பும் செய்யும். துகள்களை ஒட்ட வைக்கும். அது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இந்தப் பத்து மீனும் காயலில் கழுவியவை. ஆனால் ஆய்வகத்துக்கு வந்த மீனைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார்கள். அங்கே கழுவியது வேறொருவர், அவள் வேலை தங்கத்தோடு. செய்முறைத் தாளில் முதல் வரியை எழுதியவள் மட்டும் அவள்தான்: மீனை நன்றாகக் கழுவவும். எந்தத் தண்ணீரில் என்று எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை.

உறைபெட்டியில் மிச்சமிருந்த பத்துத் துண்டுகளையும் எடுத்தாள். மேற்சதையை வெட்டித் தள்ளிவிட்டு, உள்சதையை மழைநீர்த் தொட்டித் தண்ணீரில் அலசினாள். நூரோவா வாசல்படியில் வந்து நின்றான். ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவன், அவள் வெட்டுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

ஒன்று, சிவப்பு. இரண்டு, சிவப்பு. ஐந்துவரை சிவப்பு. ஆறாவது புட்டியில் சொட்டு விழுந்ததும் மெல்ல ஊதாவாகி, பிறகு நீலமாகி நின்றது. ஏழு சிவப்பு. பத்துவரை சிவப்பு.

நூரோவா ஆறாவது புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“இது என்ன மீனு?”

“கலவா.”

அவன் புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். “ஆக்லாந்துல அத்தனை வருஷம் இருந்து, நம்ம எந்தத் தண்ணியில மீன் கழுவுறோம்னு மறந்துட்டியா?”

“மறந்திருந்தா யாரையாவது கேட்டிருப்பேன் அண்ணே. மறக்கல. அதான் தப்பாப் போச்சு.”

அன்று சாயங்காலமே தாளின் முதல் வரியைத் திருத்தி எழுதி ஆக்லாந்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை அகாயிட்டி ஒரு கிளிமீனைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். இந்தத் தடவை நூரோவா யாரையும் தொடவிடவில்லை. தானே தொட்டித் தண்ணீரில் கழுவினான். விரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி முழுசாகத் திரும்பாததால் சொட்டுக்குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாற்றை விட்டான். தண்ணீர் கலங்கியது, சுழன்றது, சிவப்பாகவே நின்றது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். அப்போதும் சிவப்பு.

பிறகு எழுந்து, ஏழு வருடமாக மறந்திருந்த கத்தியைத் தேடி எடுத்து, மீனைச் சிறு சிறு துண்டாக நறுக்கினான். எலுமிச்சை பிழிந்தான். தேங்காய்ப்பால் ஊற்றி, வெங்காயம் தூவினான். பச்சை மீனை அவன் கலக்கும் பக்குவத்துக்கு ஒரு காலத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரும். கிண்ணத்தைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே இருந்தான்.

கதவோரம் தெபாயெருவின் பெட்டி தயாராக நின்றது. நாலு மணிக்கு விமானம். திங்கட்கிழமை ஆய்வகத்தில் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

நூரோவா அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிறகு கிண்ணத்தைப் பார்த்தான்.

“புட்டிய நம்புறேன் பாப்பா” என்றான், தாழ்ந்த குரலில். “ஆனா விஷம் வேலையக் காட்டுறதுன்னா ஒரு நாளைக்குள்ள காட்டிரும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போகாம என் பக்கத்துல உக்காந்திருக்கியா?”