மாப்பிள்ளையின் வலது கால்

செங்கல் சூளையில் பச்சைக்கல் சுமக்கும் அந்தக் கழுதைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் சுமைக்காரனின் மனைவி. அதட்டினால் நகராது, கெஞ்சினால் வரும். பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் தம்பிக்கு மட்டும் இதில் மனத்தாங்கல். "மாமா, நீங்க மாப்ளேன்னு கூப்பிட்டா நான் திரும்பணுமா, அது திரும்பணுமா?" என்பான்.

கொஞ்ச நாளாக மாப்பிள்ளை முன்னங்காலை நொண்டியது. எந்தக் கால் என்பதில் சுமைக்காரனுக்குச் சந்தேகமே இல்லை. வலது கால் தரையைத் தொட்டதும் தலை பொசுக்கென்று கீழே போகும். வலிதான் குனிய வைக்கிறது என்று அந்தக் காலுக்கே எண்ணெய் தடவினான், துணி சுற்றினான். நொண்டல் கூடியதே தவிர குறையவில்லை. மேஸ்திரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "நாளைக்கும் இது நொண்டுச்சுன்னா வியாபாரிகிட்ட தள்ளிட்டு வேற கழுதையோட வா."

அதனால்தான் மதிய இடைவேளையில் சூளை வாயில் கம்பி காய்ந்துகொண்டிருந்தது. முட்டிக்கு மேல் இரண்டு இழுப்பு சூடு. அவன் அப்பா காலத்து வைத்தியம்.

"அந்தக் கம்பிய மொதல்ல உங்க கால்ல வச்சுப் பாருங்க," என்றாள் மனைவி.

"பேசாம போயி தண்ணி கொண்டா. சூடு போட்டதும் ஊத்தணும்."

கோபத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் குடத்துடன் போனாள். திரும்பும்போது இடது குதிகாலில் உடைந்த கல்லின் சில்லு ஏறியிருந்தது. நொண்டிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, நீயும் மாப்பிள்ளை மாதிரியே தலையாட்டுறியே!" என்று தம்பி சிரித்தான்.

கம்பியை எடுக்கப்போன சுமைக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் வலது காலை ஊன்றும்போதெல்லாம் தலைக்குடம் இறங்கியது. இடது காலுக்கு எழும்பியது.

"எந்தக் கால்டி வலிக்குது?"

"இடது கால்."

"அப்புறம் ஏன் வலது கால் வைக்கும்போது குடம் எறங்குது?"

"கேள்வியப் பாரு! நோகுற கால்ல பாரத்தைப் போட நான் என்ன பைத்தியமா? நல்ல கால்லதான் விழுவேன்."

கம்பி பழுத்துப்போயிருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"புடிடா மாப்ளே," என்றான். எந்த மாப்பிள்ளை என்று தம்பி கேட்கவில்லை; கழுதையின் கழுத்தை அணைத்துப் பிடித்தான்.

சுமைக்காரன் இடது முன்னங்குளம்பைத் தூக்கி, அப்பியிருந்த சாணியையும் மண்ணையும் சுரண்டினான். கட்டைவிரலால் அழுத்தினான். இத்தனை நாள் முனகக்கூடச் செய்யாத கழுதை காலை வெடுக்கென்று இழுத்தது. அங்கே கடுகளவு கறுப்புப் புள்ளி. கத்தி நுனியால் மெல்லச் சீவியதும் கறுத்த சீழ் பீச்சியடித்தது. நாற்றத்தில் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுதை நீளமாக மூச்சு விட்டது.

வலது காலின் துணியை அவிழ்த்தபோது சுமைக்காரன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேஸ்திரி வந்தார். "சூடு போட்டாச்சா? நாளைக்கு நடக்குமா?"

"சூடெல்லாம் வேண்டாங்க. மாட்டு டாக்டர்கிட்ட காட்டணும். நடக்கும், ஆனா காயம் ஆறுற வரைக்கும் சுமக்காது."

"அப்ப கல்லை யாரு சுமப்பா?"

"மாப்பிள்ளைதான்," என்று மச்சானின் தோளில் கை போட்டான். "கூட நானும்."

"வேலை நின்னுச்சுன்னா அப்புறம் தெரியும்," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி நகர்ந்தார். விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குரல் கொடுத்தாள்: "கழுதைக்குப் பாத்தாச்சுல்ல? யாராச்சும் வந்து என் கால்ல இருக்கிற சில்லையும் எடுங்கப்பா. இடது கால்!"