அத்தான் ஊதிய எண்

தையல்காரிக்கு இழுப்பு உண்டு. வீட்டிலேயே மூச்சை அளக்க மருத்துவமனை ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தது. ஊதினால் போதும், அன்றைய பெரிய எண் போன் வழியாக நர்ஸுக்குப் போய்விடும்.

அன்று காலை அதை எடுத்தபோது வாய்க்குழாய் ஈரமாக இருந்தது. விளிம்பில் முட்டைத் துணுக்கு. சிகரெட் நாற்றம் வேறு.

"யாரு இதுல வாய வச்சது?"

"நான்தான்," என்றார் ஒரு வாரமாக விருந்தாடிக்கொண்டிருந்த அக்கா புருஷன், பல்லைக் குத்தியபடி. "தினமும் ஊதுறேனே! ஐந்நூத்தி அறுபது! உன்னால முடியுமா?"

"அவருக்கு யானை நெஞ்சுடி," என்று அக்கா பூரித்தாள்.

போன் அடித்தது. நர்ஸ்தான். "உங்க மூச்சு பிரமாதமா ஏறிடுச்சும்மா. ராத்திரி மருந்த நிறுத்திடலாம்னு டாக்டர் சொல்றாரு."

அந்த மருந்து இல்லாத நாட்களில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவள்.

"நிறுத்தாதீங்க சிஸ்டர். அது என் மூச்சே இல்ல, எங்க அத்தானோட எச்சில்."

"ஐயையோ! வேற குழாய் போட்டு நீங்களே ஊதி அனுப்புங்க."

அத்தான் எட்டிப் பார்த்தார். "பிரமாதம்னாங்களா? இன்னொரு வாட்டி ஊதவா?"

அவள் குழாயை இரண்டு விரலால் கழற்றி, அவர் தட்டில் மிச்சமிருந்த முட்டைமேல் போட்டாள்.

"இதுல ஊதுங்க."

உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, புதுக் குழாயை மாட்டி ஊதினாள். இருநூற்றுப் பத்து வந்தது. அதை அனுப்பினாள்.