வரிசையில் இரண்டாவது

ஆயுத பூஜையன்று மதியம் லிங்கராஜபுரத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு மாலை போட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு ஆபரேட்டர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். சர்வர் அறையில் யு.பி.எஸ். கத்தத் தொடங்கியதும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் ஆள் ஓஸ்வால்ட் திரைக்கு ஓடினான்.

அங்கே இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். அதற்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடும் இரண்டு மெய்நிகர் கணினிகள். ஒன்று பில்லிங், இன்னொன்று வலிப்பு வார்டின் மூளை அலைப் பதிவு. பேட்டரி குறைந்தால் சர்வர் தானாகவே இரண்டையும் வரிசையாக மூடிவிட்டு அணையும். கரண்ட் வந்ததும் தானாகவே எழுப்பும். அதை ஏற்பாடு செய்தவன் ஓஸ்வால்டுதான். போன வருஷம் பாதியில் வலுக்கட்டாயமாக மூடியதில் பில்லிங் பாழாகி, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதனால் முதலாவது முழுசாக மூடும்வரை இரண்டாவதைத் தொடாதே, எத்தனை நேரமானாலும் காத்திரு என்று எழுதிவைத்தான். அன்றைக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

இப்போது திரை ஒரே வரியில் நின்றுவிட்டது: பில்லிங்குக்காகக் காத்திருக்கிறேன். மூட ஆரம்பித்த சர்வர், அந்த வரியை மாற்ற அவனையே உள்ளே விடவில்லை.

இரண்டாவதில் இருந்தது ரக்ஷாவின் வலிப்பு. ஆறு வயதுக் குழந்தைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு, வரட்டும் வரட்டும் என்று நாள்கணக்கில் காத்திருந்தார்கள். வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன். இன்று காலை வந்தது. குழந்தை நீலம் பாரித்து, பிழைத்ததே பெரும் பாடாகிவிட்டது. அந்தக் கணினியை முறையாக மூடினால்தான் பதிவு தங்கும்.

கவுண்டரில் ஏதாவது பில் திறந்து கிடந்தால் பில்லிங் மூடாது; ஓஸ்வால்ட் படியிறங்கி ஓடினான். கணக்காளர் கோதண்டராமன் காலையில் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரே அணைந்துவிட்டதாக நினைத்துச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார். கவுண்டருக்கென்று இருந்த தனி யு.பி.எஸ். தயவில் பெட்டி சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

"பூஜை போட்ட மெஷின்பா. நாளைக்குத்தான் தொடணும்," என்று அவர் கையைப் பிடித்தார்.

ஓஸ்வால்ட் உதறினான். மாலை அறுந்து விழுந்தது. மானிட்டரைப் போட்டால், பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கியதற்கு அரைகுறையாக ஒரு பில், அதன் மேல் ஒரு கேள்வி: சேமிக்கவா? ஆமாம் என்று அமுக்கிவிட்டு மறுபடி மாடிக்கு ஓடினான்.

இரண்டாவதின் முறை வந்திருந்தது. ஆரோக்கிய மாதாவே, இதை மட்டும் மூடவிடு என்று வாய்விட்டுக் கெஞ்சினான். பேட்டரி தீர்ந்து யு.பி.எஸ். கத்துவது நின்றது. திரை இருண்டது.

கரண்ட் வந்ததும் சர்வர் தானாகவே எழுந்து, இரண்டையும் வரிசையாக எழுப்பியது. ஒரு குறையும் சொல்ல முடியாது. பூசணிக்காய் வாங்கிய பில் பத்திரமாக இருந்தது. ரக்ஷாவின் இன்றைய பதிவு வெறுமையாக இருந்தது.

வார்டில் குழந்தையின் அம்மா சரளா, வலிப்பு பதிவாகிவிட்டதென்று டாக்டர் மறுபடி கொடுக்கச் சொன்ன மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் தான் எழுதிவைத்த வரி உட்பட எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அப்போ இதக் குடுக்கட்டுமா, வேணாமாண்ணா?"