பிள்ளை மடுவத்துத் தண்ணீர்

"ஒன் பிள்ளைய உள்ள விட முடியாது."

பிள்ளை மடுவத்தின் வாசலை மறித்து நின்றாள் விஜயகலா. தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வெள்ளம் வடிந்த பிறகு மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில். காரணம் யாரென்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

சுதர்ஷினி மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "இவளுக்கு ஒன்னுமில்ல அக்கா. நான் வேலைக்குப் போகாட்டி பேரு போட மாட்டாங்க, சம்பளம் போயிரும்."

"வெள்ளத்துல ஒன் காம்பரா வீட்டுக்குள்ளதான் கக்கூஸ் தண்ணி ஏறுச்சு. சவுக்காரம் போட்டுக் கை கழுவத் தெரியாத சனம். ஒங்களாலதான் மத்த பிள்ளைங்களுக்கும்."

கூடியிருந்த பெண்கள் சுதர்ஷினியை விட்டு விலகி நின்றார்கள்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர் காமில். வந்ததும் கேட்டார். "பிள்ளைகளுக்கு எப்படித் தண்ணி குடுக்குறீங்க? செஞ்சு காட்டுங்க."

விஜயகலாவுக்கு உள்ளூரப் பெருமை. "கொதிக்க வச்சுத்தான் சேர். ஈர வெறகுல ஊதி ஊதி என் கண்ணே போச்சு."

அடுப்பில் தண்ணீர் தளதளத்தது. கெட்டிலில் மொண்டு ஊற்றினாள். உள்ளே ஒரு குழந்தை தாகத்தில் அழுதது. "இந்தா, இந்தா" என்றபடி, பிள்ளைக்கு வாய் சுடக்கூடாதே என்று, மலையூற்றுப் பீலியில் பிடித்து வைத்த வாளித் தண்ணீரை ஒரு கோப்பை அள்ளிக் கெட்டிலில் விட்டாள்.

"நில்லுங்க." காமிலின் கை கெட்டிலை மூடியது. "அந்த வாளித் தண்ணி கொதிச்சதா?"

அவள் வாளியைத் திரும்பிப் பார்த்தாள். பீலிக்கு மேலே, மேட்டில்தான் கக்கூஸ் குழி வெள்ளத்தில் இடிந்து கிடந்தது. தினமும் இப்படித்தான் ஆற்றிக் கொடுத்தாள்.

காமில் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லுறேன். வெளிய நிக்கிறவங்களுக்குத் தண்ணியில கிருமி எண்டு மட்டும் சொன்னாப் போதும். ஒங்க பேர் வேணாம்."

தப்பிக்க வழி இருந்தது. வாசலில் சுதர்ஷினி மகளோடு லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"சுதர்ஷினி மேல தப்பில்ல," என்றாள் விஜயகலா. குரல் பாதிதான் வெளியே வந்தது.

சுதர்ஷினி நின்றாள். "சத்தமா சொல்லுங்க அக்கா. என்னைய ஏசுனது மட்டும் லயம் பூரா கேட்டுச்சே."

கூட்டத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த தாய் ஒருத்தி நின்றாள். விஜயகலாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கையிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன் பிள்ளைக்கு அந்தத் தண்ணிய நான்தான் குடுத்தேன்."